கையெழுத்து ஆன பிறகு

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் எடுக்கும் படத்தில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆய்வின் பக்கம் மறுபடி வருவதே இல்லை. துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், வெளிநாட்டு உறவுகள் அலுவலர் என்று வரிசையாக நிற்பார்கள். மறுநாள் கோப்பு அலமாரிக்குப் போகும். ஆய்வை நடத்தப்போகிறவர்களோ வேறு ஆட்கள்: கணக்குப் பிரிவில் பில் சரிபார்ப்பவர், ஆய்வகத் தொழில்நுட்பர், இரண்டாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி. அவர்களை யாரும் அன்று அரங்குக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டாய்வுகளில் பல ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வளரும் நாடுகளின் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வேலை செய்யுமா செய்யாதா என்பது படத்தில் இல்லாதவர்களின் கையில் இருக்கிறது.

என் துறை நிலத்தடி நீர், அதிலும் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியாவின் கருங்கல் நிலங்களிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வழியாக நீளும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கிலும் அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். முதலில் பல்லில் பழுப்புக் கறை, பல ஆண்டுகள் குடித்தால் எலும்புப் பாதிப்பு. பாறை வேறு, மண் வேறு, ஆனால் நோய் ஒன்றே. இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேச வேண்டியவர்கள் இந்த நாடுகளின் ஆய்வாளர்கள்தாம்.

பேசியும் இருக்கிறார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடை வண்டலாக இறக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கியது. அது பின்னால் தான்சானியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போய், அங்கத்திய நீருக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கென்யாவின் நகுரு பகுதியில் எலும்புக்கரி, அதாவது விலங்கு எலும்பைச் சுட்டு எடுத்த கரி, போட்ட வடிகட்டிகளில் நீண்ட அனுபவம் சேர்ந்திருக்கிறது. ஒருவர் கையில் இருப்பது இன்னொருவருக்குத் தேவை. இதைவிடப் பொருத்தமான கூட்டு எங்கே கிடைக்கும்?

ஆனாலும் இந்தக் கூட்டாளிகளை நான் முதலில் சந்தித்தது எங்கள் நாடுகளில் இல்லை. ஐரோப்பிய மாநாட்டின் காப்பி இடைவேளையில். எங்கள் தலைமுறையில் பலருக்கும் இதே கதைதான். ஒரே வடநாட்டுப் பேராசிரியரிடம் (வளர்ந்த நாடுகளைத்தான் வடநாடு என்கிறேன், வளரும் நாடுகளைத் தென்நாடு என்று) படித்த இருவர், அவர் எழுதிய திட்டத்தில் ஆளுக்கொரு கள ஆய்வு இடமாக ஆகிப் பிறகு அறிமுகமாவார்கள். வளரும் நாடுகளின் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான புவனோஸ் ஐரிஸ் செயல்திட்டம் 1978இல் வந்தது. 1983இல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் முன்னின்று மூன்றாம் உலக அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். அதன் தலைமையகமே இத்தாலியின் திரியஸ்தேயில்தான் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, அந்த நகரத்தால் பயன்பெற்றவர்கள் ஏராளம். நாம் சந்திப்பதற்கான மேசையை இன்னொருவர் போட்டுக்கொடுத்தே பழகிவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மேசை போட்டவர் எழுந்து போகவும் செய்வார். 2021இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, பாதி வழியில் இருந்த ஆய்வுத் திட்டங்களின் நிதியும் வெட்டுப்பட்டது. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு மூடப்பட்டது. பணியமர்த்திய ஆய்வு உதவியாளர்களிடம் அடுத்த மாதச் சம்பளம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்த நண்பர்களைத் தெரியும். அதனால் யார் ஆலோசனை கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: வெளிப்பணம் இல்லாமலே நடக்கக்கூடிய வேலை ஒன்றைக் கூட்டாய்வுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதையே முதலில் செய்யுங்கள்.

நாங்கள் செய்தது மிக எளிமையானது. ஒரே நீரைப் பல புட்டிகளில் பிரித்து, அளவைச் சொல்லாமல் எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பினோம். ஃபுளோரைடு மாதிரிக்கு பாலித்தீன் புட்டி போதும், அமிலம் சேர்க்க வேண்டாம், நான்கு வாரம் தாங்கும். கூரியரில் அனுப்புவதும் அவ்வளவு சிரமமில்லை. உள்ளே இருப்பது என்ன, வணிக மதிப்பு இல்லை, தொற்று இல்லை என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைப் பெட்டியின் வெளியே ஒட்ட வேண்டும். உள்ளே வைத்தால் சுங்கத்தில் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள்.

முடிவுகள் வந்தபோது கிணற்று நீரில் எல்லாரும் ஏறக்குறைய ஒத்துப்போனோம். படிகாரத்தால் சுத்திகரித்த நீரில் மட்டும் எண்கள் பிரிந்து நின்றன. காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சுத்திகரித்த நீரில் மிஞ்சும் அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பாட்ன்ஸ் (SPADNS) என்ற சாயத்தை நேரடியாகப் போட்டு நிறம் பார்க்கும் முறைக்கு அந்தப் பிடிபட்ட ஃபுளோரைடு சரியாகத் தெரியாது, அளவு குறைவாகக் காட்டும். ஃபுளோரைடு அயனியை அளக்கும் மின்முனையோடு டிசாப் (TISAB) என்ற தாங்கல் கரைசலைச் சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பிணைப்பு உடைந்து முழு அளவும் தெரியும். அதாவது எங்களில் ஓர் ஆய்வகம் சுத்திகரிப்பு வெற்றி என்று எழுதும் அதே நீரை இன்னொன்று தோல்வி என்று எழுதும். இது தெரியாமல் மூன்று நாட்டுத் தரவை ஒரே அட்டவணையில் போட்டு வெளியிட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயிற்சியால் கிடைத்த இன்னொரு லாபம் கண்ணுக்குத் தெரியாதது. யார் கடிதத்துக்கு உடனே பதில் போடுகிறார், யார் தன் எண் தவறாக வந்தால் ஒளிக்காமல் அனுப்புகிறார், எந்த ஆய்வகத்தில் தொழில்நுட்பர்தான் உண்மையில் தலைவர் என்பதெல்லாம் பணம் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீரிலுள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் ஐயன் குரோமடோகிராஃப் கருவி இருக்கிறது என்று இணையதளத்தில் போட்டிருந்த துறையில் அது பிரிப்புக் குழாய் வராமல் நீண்ட நாளாகத் துணி போர்த்தி நிற்கிறது என்பதும் தெரிந்தது. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லார் ஆய்வகத்திலும் அப்படி ஒன்று துணி போர்த்தி நிற்கிறது. தென்நாட்டுக் கூட்டின் பெரிய வசதி இது. உதிரிபாகம் வர ஆறு மாதம் ஆகும் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இனி பணம். இதில் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன். கூட்டாய்வுகள் சாகும் இடம் இதுதான்.

பெரும்பாலான நிதி நிறுவனங்கள் பணத்தை முன்னணிப் பல்கலைக்கழகத்துக்குத் தந்து, அது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்கின்றன. எல்லா நாட்டிலும் அது முடியாது. இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம், 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. இதைத் திட்டம் எழுதும்போதே தெரிந்துகொண்டவர்கள் நிதி நிறுவனத்திடம் ஒவ்வொரு கூட்டாளிக்கும் நேரடியாகப் பணம் அனுப்பும்படி கேட்டு வாங்கினார்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் ஓராண்டைக் கடிதப் போக்குவரத்தில் கழித்தார்கள்.

நிதியாண்டும் பொருந்தாது. இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச், கென்யாவில் ஜூலை முதல் ஜூன், இலங்கையிலும் பிரேசிலிலும் ஜனவரி முதல் டிசம்பர். எத்தியோப்பியாவின் நாட்காட்டியே வேறு, அதில் 13 மாதங்கள். மார்ச்சில் ஒருவர் பணம் முறையாகச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார். அப்போது இன்னொருவரின் கணக்கில் ஆண்டு முடிந்திருக்காது, தணிக்கையாளர் கையெழுத்துப் போட மாட்டார். இதற்கு வழி இருக்கிறது. திட்டத்துக்கென்று தனி அறிக்கைக் காலம் ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, இடைக்காலத்துக்குத் தணிக்கை செய்யாத செலவு விவரம் போதும் என்று நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலானோர் கேட்பதில்லை.

எங்கள் கூட்டு ஒன்றில் முதல் தவணை ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கில் வந்து விழுந்து மாதக்கணக்கில் கிடந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பணத்துக்குச் செலவினத் தலைப்பு எண் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். எண் ஒதுக்க நிதிக்குழு கூட வேண்டும், நிதிக்குழு கூடுவதற்கு அடுத்த பருவம் தொடங்க வேண்டும். முதன்மை ஆய்வாளர் தினமும் மாடி ஏறி இறங்கினார். கடைசியில் தீர்த்து வைத்தவர் இன்னொரு நாட்டின் கணக்கு அலுவலர். தன் அலுவலகத்தில் இதே சிக்கலுக்குத் துணைவேந்தரின் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்திய குறிப்பின் வடிவத்தை அவர் அனுப்பினார். அதைப் பார்த்து இங்கேயும் ஒன்று எழுதினார்கள், கோப்பு நகர்ந்தது. அன்றிலிருந்து எந்தத் திட்டமானாலும் தொடக்கக் கூட்டத்துக்குக் கணக்கு அலுவலர்களை அழைக்கிறோம். பயணச் செலவில் இரண்டு பேராசிரியர்களைக் குறைத்தாவது அழைக்கிறோம். அவர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எங்களுக்கு இடமில்லை. எங்களைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் தீர்க்க வேண்டியவை அலுப்பூட்டும் சின்னச் சின்ன விஷயங்கள். கிராமத்தில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு அச்சிட்ட ரசீது கிடைக்காது. கையெழுத்துச் சீட்டு செல்லுமா, அதில் என்னென்ன இருக்க வேண்டும்? களப்பணிப் படி நாட்டுக்கு நாடு மாறும். ஒரே கிணற்றடியில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மூன்று மடங்கு கிடைத்தால் வேலை எப்படி நடக்கும்? சந்திப்புக்கு வரும் உள்ளூர் அலுவலர்களுக்குப் படி கொடுப்பது சில நாடுகளில் நடைமுறை, சில நாடுகளில் தணிக்கை ஆட்சேபம். நாணய மதிப்பு விழுந்தால் நட்டம் யாருக்கு? இலங்கை, கானா, நைஜீரியா என்று 2022, 2023 ஆண்டுகளில் நாணயங்கள் சரிந்ததைப் பார்த்த பிறகு இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் அலட்சியம் செய்வதில்லை. டாலரில் பணம் வந்தால் உள்ளூர்ச் செலவுக்கு லாபம்கூட வரலாம், ஆனால் வெளிநாட்டு வேதிப்பொருளின் விலை அதைச் சாப்பிட்டுவிடும்.

மேல்செலவுத் தொகை பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வு நிதித் திட்டங்களில் நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் கிடைக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பல்லாண்டுகள் 8 சதவீதமே தந்தன. நம் அலுவலகங்களில் மின்சாரம், இணையம், கணக்கர் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். பலர் பெருந்தன்மையாக மேல்செலவே வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு காசும் வராத திட்டத்தை அந்த அலுவலகம் எவ்வளவு வேகமாகக் கவனிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், வரிசை மட்டும் முக்கியம். கென்யாவில் ஆய்வு செய்ய அந்நாட்டு அறிவியல் ஆணையமான நாகோஸ்டியின் உரிமம் வேண்டும், அதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டுடன் மருத்துவ ஆய்வு என்றால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவைக் கடக்க வேண்டும். கிணற்று நீரை அளப்பது வரை எங்களுக்கு இலகு. அதைக் குடிப்பவரின் சிறுநீரை அளக்க நினைத்த உடனே இரண்டு நாட்டு நெறிமுறைக் குழுக்களும் வந்துவிடும். அதே நீரிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து எல்லை தாண்டி அனுப்ப நினைத்தால் மரபணு வளங்களைப் பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் அதையொட்டிய உள்நாட்டுச் சட்டங்களும் சேரும். ஓராண்டை இதற்கென்று ஒதுக்குங்கள். பயணம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்தில் போடாதீர்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். நல்ல வேளையாக, 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகும்.

தென்நாடுகள் சேர்ந்தால் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று மேடையில் பேசுவார்கள். நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. கூட்டாளிகளில் பெரிய நாடு, பெரிய ஆய்வகம், சரளமான ஆங்கிலம் யாரிடம் இருக்கிறதோ அவர் சீக்கிரமே வடநாட்டுக்காரர் போல நடக்கத் தொடங்குவார். மாதிரிகள் ஒரு பக்கமாக நகரும், கட்டுரைகள் இன்னொரு பக்கமாகக் குவியும். ஹெலிகாப்டரில் வந்து மாதிரி அள்ளிப் போனவர்களைத் திட்டிக்கொண்டே நாம் பஸ்ஸில் போய் அள்ளினால் கிணற்றுக்காரருக்கு என்ன வித்தியாசம்? ஸ்விட்சர்லாந்தின் கே.எஃப்.பி.இ. அமைப்பு எல்லை கடந்த ஆய்வுக் கூட்டுகளுக்கு 11 நெறிகளை வகுத்திருக்கிறது. முதலாவது, ஆய்வுக் கேள்வியைச் சேர்ந்தே முடிவு செய்வது. வடக்கு தெற்கு உறவுக்காக எழுதியதுதான், ஆனால் எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. நாங்கள் முதலில் வடிகட்டியின் வேதியியலைத்தான் ஆராய நினைத்தோம். கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டாளி வடிகட்டி ஏற்கெனவே நன்றாகவே வேலை செய்கிறது, மக்கள் சில மாதங்களில் அதை ஏன் கைவிடுகிறார்கள் என்பதே தன் கேள்வி என்றார். திட்டத்தின் பாதி அந்தப் பக்கம் திரும்பியது. சமூகவியல் துறையிலிருந்து ஒருவரைச் சேர்த்தோம். இன்று எங்கள் கட்டுரைகளில் அதிகம் படிக்கப்படுவது அந்தப் பாதிதான்.

கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை மாதிரி எடுக்கும் முன்பே பேசுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. வகுத்த நான்கு நிபந்தனைகள் உதவும்: பணியில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஆனால் இரண்டாவது நிபந்தனையை ஆயுதமாக்குகிறவர்கள் உண்டு. வரைவையே காட்டாமல் இருந்துவிட்டு, அவர் எழுதுவதில் பங்கேற்கவில்லை என்று பெயரை நீக்குவார்கள். அதனால் வரைவு எல்லாருக்கும் போக வேண்டும், பதில் சொல்ல மூன்று வாரம் தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாட்டின் மாணவரும் தன் நாட்டுத் தரவில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை எழுதிய பிறகே ஒட்டுமொத்தத் தரவில் கைவைப்போம் என்பது இன்னொரு விதி. இதனால் பெரிய கட்டுரை தாமதமாகிறது. பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ளலாம், மாணவர்கள்தான் வேலை தேட வேண்டும்.

வெளியீட்டுக் கட்டணத்தையும் அப்போதே பாருங்கள். பல பதிப்பகங்கள் நாடுகளின் பட்டியல் வைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. கூட்டாளிகளில் ஒரு நாடு பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. இதழோடு தொடர்புகொள்ளும் பொறுப்பை ஏற்கும் தொடர்பு ஆசிரியர் யார் என்பதைப் பொறுத்தே சில இடங்களில் தள்ளுபடி அமையும். தொடர்பு ஆசிரியர் பதவியைச் சின்னக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுப்பதால் அவருக்கு மதிப்பும் கூடுகிறது, பணமும் மிஞ்சுகிறது.

மாணவர் பரிமாற்றத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி ஆப்பிரிக்காவின் கார்ட்டா. 2008இல் உருவான அந்தக் கூட்டமைப்பில் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து தொடர் பயிலரங்குகளில் படிக்கிறார்கள். பட்டம் அவரவர் பல்கலைக்கழகத்தில். இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் என்று சட்டவிதிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாங்கள் அதைச் சிறிய அளவில் பின்பற்றினோம். தொழில்நுட்பர்களையும் அதில் சேர்த்ததுதான் எங்கள் பங்கு. மின்முனையைப் பராமரிப்பது பற்றி ஒரு தொழில்நுட்பர் இன்னொரு தொழில்நுட்பருக்குச் சொல்லிக் கொடுத்ததை எந்தப் பேராசிரியராலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பெயர் இருக்கட்டும். ஒருவர் புலத்தலைவராகிவிடுவார் அல்லது வெளிநாடு போய்விடுவார். இரண்டாமவர் இளையவராக இருந்தால் நல்லது. வாங்கும் கருவி திட்டம் முடிந்த பின் யாருக்கு, பழுது பார்ப்பது யார் செலவில் என்பதை வாங்கும் முன்பே எழுதுங்கள். தரவு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

பதில் வராத மின்னஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடநாட்டு நண்பர்கள் இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஆர்வம் போய்விட்டது என்று முடிவு செய்வார்கள். நமக்குக் காரணங்கள் தெரியும்: விடைத்தாள் திருத்தம், தேர்தல், இணைய முடக்கம், வேலைநிறுத்தம். 2022இல் நைஜீரியாவின் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எட்டு மாதம் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எந்தத் திட்ட அட்டவணை அதைத் தாங்கும்? எங்கள் அட்டவணையில் இப்போது ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு காலாண்டைக் காலியாக விடுகிறோம். நிதி நிறுவனத்துக்கான படிவத்தில் அந்தக் கட்டத்தில் ‘தரவு சரிபார்ப்பு’ என்று எழுதுகிறோம். பொய்யில்லை, சரிபார்ப்பு உண்மையில் அந்த மாதங்களில்தான் நடக்கிறது.